நேராத நேர்த்திக்கடன்

அய்யா, உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அப்பா கடையில் இருந்ததால் நானே பிரித்துப் படித்தேன். உனக்குப் பேசிக்கொண்டிருக்கும் நரிக்குடிப் பெண்ணின் அம்மாவுக்குப் புற்றுநோய் என்றும், வைத்தியத்தில் தலைமுடியெல்லாம் கொட்டிப்போய் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை என்றும் நம் ஊர்க்காரர் ஒருவர் உன் மில் வாசலில் வந்து சொன்னதாக எழுதியிருந்தாய். "இதை நம்மிடம் மறைத்துவிட்டார்கள். இந்த இடம் வேண்டாம் அம்மா" என்று முடித்திருந்தாய். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த நோயின் பெயரைக் கேட்டால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும். ஆனால் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான், அதற்கு முன்னால் உன்னிடம் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று பட்டது. பதின்மூன்று வருஷமாக நீ நம்பிக்கொண்டிருக்கும் பொய். மூன்று நாளாக அடுப்பு வேலை முடிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எழுதி வருகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி.

நீ நாலாம் வகுப்பு படித்த வருஷம் நான் மொட்டை போட்டுக்கொண்டது உனக்கு மறந்திருக்காது. திருச்சுழிக்கு அந்தப் பக்கம் இருக்கும் நம் குலசாமி கோயிலுக்குப் போய்விட்டு, தலையில் சந்தனத்தோடு பஸ்ஸை விட்டு இறங்கி வந்தேன். நீ வாசலில் நின்று என்னை யாரோ என்று பார்த்தாய். அடையாளம் தெரிந்ததும் உள்ளே ஓடிப் பெரியப்பாவின் சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். இரண்டு நாள் என் கையால் சோறு வாங்கவில்லை. உனக்கு அம்மை கண்டபோது சாமிக்கு நேர்ந்துகொண்டேன், அதைத்தான் செலுத்திவிட்டு வந்தேன் என்று உன்னைச் சமாதானப்படுத்தினேன். அன்றிலிருந்து நீ அப்படித்தான் நினைத்திருக்கிறாய். ஊரும் அப்படித்தான் நினைத்தது. பெற்ற பிள்ளைக்காக முழங்கால் வரை இருந்த முடியைக் கொடுத்தவள் என்று இன்றைக்கும் கல்யாண வீடுகளில் என்னைக் காட்டிப் பேசுகிறார்கள். அய்யா, உனக்கு அம்மை கண்டது உண்மை. நான் நேர்ந்துகொண்டது மட்டும் பொய். அந்த முடி சாமிக்குப் போகவில்லை. உன் பெரியம்மாவுக்குப் போனது.

உன் பெரியம்மாவும் நானும் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே மிளகாய் வத்தல் கடை, எங்களுக்கு ஒரே அடுப்பு. அவர்கள் எனக்கு எட்டு வயது மூத்தவர்கள். வந்த புதிதில் என்னைத் தங்கை மாதிரிதான் வைத்துக்கொண்டார்கள். பிறகு எங்களுக்குள் சண்டை வந்தது; அதுவும் என் முடியால் வந்தது. அப்போது மழை இரண்டு வருஷமாகப் பொய்த்திருந்தது. வீட்டுக் கிணற்றில் ஊறுவது உப்புத் தண்ணீர், அதில் அலசினால் முடி சடைபிடித்துவிடும். நல்ல தண்ணீருக்குப் பாளையம்பட்டி வரை குடத்தோடு நடக்க வேண்டும். நான் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்க இரண்டு குடம் நல்ல தண்ணீரை எடுத்து வைத்துக்கொள்வேன். ஒரு வெள்ளிக்கிழமை பெரியம்மா அந்தக் குடத்தை எடுத்து உலையில் ஊற்றிவிட்டார்கள். "குடிக்கத் தண்ணி இல்ல, உன் மயித்துக்குப் பன்னீரா கொண்டாந்து ஊத்துறது" என்றார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. "இருக்கவ அள்ளி முடியுறா, உங்களுக்கு ஏன் எரியுது" என்று கேட்டேன். அவர்களுக்கு முடி எப்போதும் எலிவால்தான். அந்தச் சொல் தைக்கும் என்று தெரிந்தேதான் சொன்னேன். அதிலிருந்து ஆறு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு, உப்பு வேண்டுமென்றால்கூட அவர்கள் மகள் ராஜாத்தி மூலமாகக் கேட்டு வாங்கிக்கொண்டோம்.

அந்த ஆறு மாதத்துக்குள்தான் பெரியம்மாவின் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி வந்தது. முதலில் பத்துப் போட்டார்கள். பிறகு சதையை எடுத்துப் பார்த்து, நோய் இன்னதென்று சொல்லி, மதராஸுக்குப் போகச் சொன்னார்கள். பெரியப்பா கூட்டிக்கொண்டு போனார். அங்கே கட்டியைக் கருக்கக் கழுத்துக்கும் தலைக்கும் கரண்டு வைத்து, ஊசியும் போட்டிருக்கிறார்கள். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது, ரயிலடியிலிருந்து வண்டியில் வந்து இறங்கிய பெரியம்மா சேலையை நெற்றி வரை இழுத்துப் போர்த்தியிருந்தார்கள். உள்ளே போய் உட்கார்ந்ததும் ராஜாத்தி அந்த முக்காட்டை எடுத்தாள். தலையில் ஒரு முடி இல்லை. புருவம்கூட இல்லை. நான் அடுப்படி நிலைப்படியில் நின்று பார்த்தேன். அவர்கள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் சொன்ன சொல் பலித்துவிட்டதாக அவர்கள் நினைத்தார்களோ என்னவோ, நான் நினைத்தேன். அப்போதே போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். நான் திரும்பிப் போய்ச் சோற்றை வடித்தேன்.

ராஜாத்திக்கு எம்.ரெட்டியபட்டியில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. பஞ்சு வியாபாரம் செய்கிற குடும்பம். பெரியம்மா மதராஸில் இருந்ததை வயிற்றுக் கோளாறு என்று சொல்லி வைத்திருந்தோம். ஆமாம் அய்யா, நாமும் மறைத்தோம். மறைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. சம்பந்தி வீட்டார் வெற்றிலை பாக்கோடு வந்தபோது, "அக்கா கோயிலுக்குப் போயிருக்காக" என்று வாய் கூசாமல் சொன்னவள் நான்தான். பெரியம்மா அப்போது பின்கட்டு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள்.

கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு, பெரியப்பா மதுரையில் நாடகக் கம்பெனிகளுக்கு டோப்பா கட்டிக் கொடுக்கிற ஒருவரைப் போய்ப் பார்த்தார். அந்த மனிதர் விவரமானவர். ராஜா வேஷத்துக்குக் கட்டுவதுபோலக் கட்டினால் பகல் வெளிச்சத்தில் காட்டிக் கொடுத்துவிடும், கடையில் கிடைக்கும் சவரிமுடி பத்துத் தலை கலந்தது, நிறமும் ஒட்டாது, சீக்கிரம் சிக்கிக்கொள்ளும், ஒரே தலையில் எடுத்த நீள முடி இருந்தால் வலைத்துணியில் ஒவ்வொன்றாக முடிந்து சொந்த முடி மாதிரியே செய்து தரலாம் என்றாராம். பெரியப்பா வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார். தம்பி பெண்டாட்டியிடம் எப்படிக் கேட்பார். அப்பாதான் அடுப்படிக்கு வந்து, தண்ணீர் குடிக்கிற சாக்கில், "நீ என்ன நெனைக்கிற?" என்று கேட்டார். நான் அம்மியில் குனிந்தபடியே சொன்னேன்: "இது சாமிக்கு நேந்த முடி. நம்ம பிள்ளைக்கு அம்மை கண்டப்ப நேந்துக்கிட்டேன். எடுத்துத் தர முடியாது." முன்கூட்டி யோசித்து வைத்திருந்த பொய் இல்லை. அந்த நொடியில் வாயில் வந்தது. ஆனால் எப்படி வந்தது பார், உன் உயிரைப் பணயமாக வைத்து வந்தது. சாமிக்கென்றால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள் என்று எனக்குள்ளே இருந்த யாரோ ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது. அப்பா "அப்படியா, சரி" என்று போய்விட்டார். நான் மிளகாயை அரைத்து முடித்தேன்.

நாலைந்து நாள் கழித்து, நான் முற்றத்தில் தலை வாரிக்கொண்டிருந்தபோது பெரியம்மா பின்கட்டிலிருந்து வந்து எதிரில் உட்கார்ந்தார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு அது. "கல்யாணத்துல நான் வெளிய வரல. வயித்து வலின்னு சொல்லிக்கிடலாம். ராஜாத்திக்குத் தாரை வாக்க நீயும் கொழுந்தனும் நில்லுங்க. அவ உனக்கும் மகதான" என்றார்கள். நான் "என்னக்கா இப்படிப் பேசுறீக" என்றேன். "மொட்டத் தலையோட ஒரு சுமங்கலி மணவறையில நின்னா நாலு பேரு என்ன சொல்லுவாக? நாளைக்கு அவளத்தான குத்திக் காட்டுவாக. நீ நில்லு தாயி. தலை நெறையப் பூ வச்சுக்க. எல்லாரு கண்ணும் உன் மேல இருக்கட்டும், என்னைய யாரும் தேட மாட்டாக." இதைச் சொல்லும்போது அவர்கள் குரலில் குத்தல் இல்லை. அது இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். பந்தலுக்கு எத்தனை பாய் வேண்டும் என்று சொல்வதுபோலச் சொன்னார்கள்.

சீப்பு என் முடியிலேயே நின்றுவிட்டது. "அக்கா, இத எடுத்துக்கோங்க" என்றேன். அவர்கள் உடனே தலையை ஆட்டினார்கள். "அது சாமி முடி. கொழுந்தன் சொன்னாக. பிள்ளைக்கு நேந்தத நான் வாங்கித் தலையில வச்சா அந்தக் குத்தம் எங்க போயி விடியும்? என் மக கல்யாணத்துக்காக உன் மகனுக்கு ஒண்ணு ஆயிரக் கூடாது. வேண்டாம்." இதற்கு மேல் எனக்கு ஒளிய இடம் இல்லை. "நேரவே இல்லக்கா" என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை. "குடுக்க மனசில்லாமச் சொன்னேன். சாமிக்கு நான் ஒண்ணும் நேரல" என்று இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. திட்டுவார்கள், எழுந்து போவார்கள் என்று நினைத்தேன். அவர்களோ, "பிள்ளை பேர்லயா சொன்ன?" என்று கேட்டார்கள். "ஆமாக்கா" என்றேன். "மொதல்ல போயி அவனுக்குத் துன்னூறு பூசிவிட்டுட்டு வா. பெறகு பேசுவோம்" என்றார்கள். நீ வாசலில் பம்பரத்துக்குச் சாட்டை சுற்றிக்கொண்டிருந்தாய். நான் ஓடிவந்து நெற்றியில் திருநீற்றைப் பட்டையாகப் பூசியதும், "எதுக்கும்மா?" என்று கேட்டாய். பதில் சொல்லாமல் உள்ளே போனேன். இப்போது எழுதுகிற இவ்வளவும்தான் அன்றைய கேள்விக்குப் பதில்.

அப்பாவிடமும் அன்று மாலையே உண்மையைச் சொன்னேன். பொய் சொன்னதைவிட முடியை வெட்டப் போகிறேன் என்றதுதான் அவரைச் சுட்டது. "நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். நீ எதுக்கு முடிய எறக்கணும்? பாக்குறவன் என்னையச் செத்தவன்னு நெனைக்கவா?" என்றார். "சாமிக்குன்னு சொன்னப்ப சரின்னுதான இருந்தீக. சாமிக்குன்னே ஊரு நெனைச்சுக்கிடட்டும்" என்றேன். மறுநாள் அப்பா கடையிலிருந்து வரும்போது நூல்கண்டும் புதுக் கத்தரிக்கோலும் வாங்கிக்கொண்டு வந்து வைத்தார். மதுரைக்காரர் சொல்லி அனுப்பியபடி, நன்றாகக் காயவைத்த முடியை ஆறு சடையாகப் பின்னி, ஒவ்வொன்றின் வேர்ப் பக்கமும் நுனிப் பக்கமும் நூலால் கட்டி, பெரியம்மாவே வெட்டினார்கள். வேரும் நுனியும் மாறிப்போனால் முடி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளுமாம். ஊசி போட்டதில் அவர்கள் கையில் பலம் இல்லை. ஒரு சடையை வெட்ட நாலு முறை கத்தரிக்கோலை அழுத்த வேண்டியிருந்தது. ஆறாவது விழுந்ததும் என் கழுத்து தானாக முன்னால் சாய்ந்தது. அவ்வளவு பாரத்தை இத்தனை வருஷம் சுமந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. மறுநாள் அப்பாவும் நானும் குலசாமி கோயிலுக்குப் போனோம். மிச்சமிருந்ததை மழித்துக்கொண்டு, நேராத நேர்த்திக்கடனைச் செலுத்திவிட்டு வந்தேன். சாமி முன்னால் என்ன சொன்னேன் என்று கேட்காதே. ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

கல்யாணத்தன்று பெரியம்மா அரக்குப் பட்டு உடுத்தி, கொண்டை போட்டு, அதைச் சுற்றிப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு மணவறைக்கு வந்தார்கள். புருவத்துக்கு ராஜாத்தி மை தீட்டிவிட்டிருந்தாள். அவர்களும் பெரியப்பாவும்தான் தாரை வார்த்தார்கள். நான் மொட்டைத் தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பந்தி கவனித்தேன். பந்தியிலிருந்து நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் என் முடி அங்கே பளபளத்துக்கொண்டிருந்தது. மனசு நிறைந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் எனக்குப் பொறாமையாக இருந்தது. கொடுத்த பிறகும் என்னுடையது என்று உள்ளே ஒன்று முனகிக்கொண்டே இருந்தது. கொடுத்துவிட்டால் மனசு சுத்தமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே அய்யா. கை முதலில் கொடுத்துவிடும், மனசு பின்னால் மெதுவாகத்தான் நடந்து வரும். எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

தாலி கட்டி முடிந்ததும் சம்பந்தி அம்மா வந்து பெரியம்மாவுக்குச் சந்தனம் பூசினார்கள். பிறகு வகிட்டில் குங்குமம் வைத்தார்கள். வைத்த விரல் அங்கேயே கொஞ்சம் நின்றது. நான் பாயச வாளியோடு இரண்டு எட்டு தள்ளி நின்றிருந்தேன். வகிட்டுப் பக்கம் மட்டும் தொட்டால் வலைத்துணி தடிப்பாகக் கைக்குப் படும் என்று டோப்பாக்காரர் சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். சம்பந்தி அம்மா விரலை எடுத்தார்கள், பெரியம்மாவின் தோளில் நழுவியிருந்த சேலையைச் சரியாக இழுத்துவிட்டார்கள், அடுத்த ஆளுக்குச் சந்தனம் கொடுக்கப் போய்விட்டார்கள். தெரிந்துவிட்டதா இல்லையா என்று பல மாதம் நானும் பெரியம்மாவும் பேசிப் பேசி மாய்ந்தோம். ராஜாத்தியிடமிருந்து கடிதம் வரும்போதெல்லாம் பிரிக்கப் பயந்தோம். மறைக்கிறவர்களுக்குக் கிடைக்கிற நிம்மதி இவ்வளவுதான்.

ஒன்றரை வருஷம் கழித்து ராஜாத்திக்கு நம் வீட்டில் பிள்ளை பிறந்தது. அப்போது பெரியம்மாவுக்கு முடி இரண்டு விரற்கடை அளவுக்கு, நரையாக, திட்டுத் திட்டாக முளைத்திருந்தது. சம்பந்தி அம்மா பிள்ளை பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். நான் டோப்பாவை எடுத்து வாரி வைத்தேன். பெரியம்மா, "வேண்டாம். என்னால இனி முடியாது" என்று சொல்லிவிட்டு, முக்காடும் போடாமல் அவர்களே வாசலுக்குப் போனார்கள். "மதினி, உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டோம்" என்று ஆரம்பித்து, கட்டியிலிருந்து எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னார்கள். சம்பந்தி அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "கல்யாணத்தன்னைக்கே கையில தட்டுப்பட்டுச்சு மதினி" என்றார்கள். பெரியம்மா, "அப்பறம் ஏன் ஒண்ணும் கேக்கல?" என்றார்கள். "நாங்க பொண்ணு கேட்டுத்தான வந்தோம். உங்க தலையக் கேட்டா வந்தோம்? ஆனா அன்னைக்கே சொல்லியிருந்தீகன்னா, ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவையாச்சும் நானும் கூட வந்திருப்பேன்" என்றார்கள். அந்தக் கடைசி வார்த்தையில் வருத்தம் இருந்தது. நாம் மறைத்தது அவர்களைத் தாழ்வாக நினைத்துத்தானே.

அதற்குப் பிறகு பெரியம்மா அந்த டோப்பாவைச் சீயக்காய் போட்டு அலசி, நிழலில் உலர்த்தி, அடுத்த முறை மதராஸுக்குப் போனபோது கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஒரு சின்னப் பெண், வாத்தியாரம்மாவாம். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போக வெட்கப்பட்டு வேலையை விடப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். பெரியம்மா கொடுத்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்கள். "உன்னையக் கேக்காமக் குடுத்துட்டேன்" என்றார்கள். எனக்குக் கோபம் வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தேன். வரவில்லை. பெரியம்மா அதற்கப்புறம் மூன்றரை வருஷம் இருந்தார்கள். கடைசி மாதங்களில் சம்பந்தி அம்மா வாரம் ஒரு முறை பஸ் ஏறி வந்து, நான் ஒரு பக்கமும் அவர்கள் ஒரு பக்கமுமாகப் பெரியம்மாவைத் தூக்கி உட்காரவைத்திருக்கிறோம். இதையெல்லாம் உனக்கு எழுதலாமா என்று ராஜாத்தியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இப்போது உன் விஷயம். அந்த நோய் ஒட்டுவதில்லை. பெரியம்மாவின் தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன் நீ, உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெண்ணின் அம்மாவுக்காக இரக்கப்பட்டு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளாதே. அது அவளுக்குச் செய்கிற அவமானம். பெண்ணைப் பிடித்திருந்தால் கட்டிக்கொள், பிடிக்கவில்லையென்றால் அதை எழுது. எதுவானாலும் நான் உன்னோடு மல்லுக்கு நிற்க மாட்டேன். ஆனால் முடிவை ஊர்க்காரர் வாயால் சொல்லி அனுப்பாமல், நீயே உன் கையால் அவர்களுக்கு எழுது. அவர்கள் ஏன் சொல்லவில்லை என்று கேட்கத் தோன்றினால், என்னிடம் கேள். அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நீ எழுதியதைப் படித்த பிறகு நரிக்குடிப் பக்கம் போய்வருகிற ஒருத்தியிடம் விசாரித்தேன். அந்த அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று மாதம் ஆகிறதாம். இதுவரை ஒரு பொம்பளையும் அந்த வாசற்படி ஏறவில்லையாம். நாளைக் காலை பஸ்ஸுக்கு நான் போகிறேன். சம்பந்தம் பேசப் போகவில்லை, உன் பெயரையும் எடுக்க மாட்டேன். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

அம்மா.